வாரத்துக்கு நாலு மணி நேரம்: அனலைக் காக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ் ஆராதனை முடிந்து, மழை விடட்டும் என்று ஆலயத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். போன வருடம் எங்கள் சபையில் சேர்ந்த ஒரு தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். ஊர் சாயர்புரம் பக்கம். பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கி, ஒய்ட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

"அக்கா, ஊர்ல இருந்தப்போ எனக்குள்ள இருந்த அனல் இப்போ இல்ல. ஜெபம் பண்ணினா சுவத்தைப் பார்த்துப் பேசுற மாதிரி இருக்கு. வேலை, துணி துவைக்கிறது எல்லாம் போக வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் மிஞ்சுது. அதை எதுல போட்டா திரும்ப வரும்?"

"ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மழைச் சத்தத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், அவளைப் போல இந்த ஊரில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்.

நானும் அந்த இடத்தில் நின்றவள்தான். திருமணமாகி பெங்களூர் வந்து 17 வருடம். அதில் ஏறத்தாழ 3 வருடம், பாடகர் குழுவில் பாடிக்கொண்டே, தசமபாகம் கொடுத்துக்கொண்டே, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுத்துக்கொண்டே உள்ளுக்குள் அணைந்துபோய் இருந்தேன். யாருக்கும் தெரியாது. வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு வந்த கடிதத்தை அந்த நாட்களில் பயத்தோடு வாசிப்பேன். பிரயாசம் உண்டு, பொறுமை உண்டு, கள்ள அப்போஸ்தலரைக் கண்டுபிடிக்கும் விவேகமும் உண்டு. ஆதி அன்பு மட்டும் இல்லை. அதற்கு அடுத்த வசனத்தை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். ஆதியில் உணர்ந்ததை மறுபடி உணர் என்று ஆண்டவர் அங்கே சொல்லவில்லை. ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். உணர்ச்சியை நாம் வரவழைக்க முடியாது. செய்வது நம் கையில் இருக்கிறது. அதனால்தான், எதைச் செய்வது என்று உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடையது லேவியராகமம் 6ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. பலிபீடத்து அக்கினி ஒருபோதும் அவியக் கூடாது என்ற கட்டளை நமக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் இருப்பதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். காலைதோறும் ஆசாரியன் புதுக்கட்டை போட வேண்டும். அதற்கும் முன்னே, ராத்திரி முழுக்க எரிந்த சாம்பலை அள்ளி, உடை மாற்றிக்கொண்டு, பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சாம்பல் அள்ளாத அடுப்பில் எத்தனை விறகு வைத்தாலும் புகைதான் வரும்.

ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். மாதக் கடைசி வாரத்திலும் இது நடக்குமா? என் சாம்பலை இது வெளியே எடுக்குமா? இதைத் தொடங்க நான் ஏற்கெனவே அனலாக இருந்தாக வேண்டுமா? மூன்றாவது கேள்விதான் எனக்குப் பெரியது. நடுங்கிக்கொண்டிருப்பவரிடம், முதலில் நீ சூடாகு, அப்புறம் தீ மூட்டலாம் என்று சொல்கிற ஆலோசனைகள் நம்மிடையே நிறைய.

விடியற்கால தனிஜெபத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். ஊரிலிருந்து அம்மாவும் போனில் இதைத்தான் சொல்வார்கள். நம் ஆண்டவரே இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்க முடியுமா? அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்து ராத்திரி 1 மணிக்குப் படுக்கிற பெண்ணை 4.30 மணிக்கு எழும்பச் சொன்னால் மூன்று நாள் எழும்புவாள். நாலாம் நாள் தூங்கிவிடுவாள். ஐந்தாம் நாள் குற்றவுணர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டேன். ஒவ்வொரு முறையும், தொடங்கிய இடத்தைவிட ஒரு படி கீழே போய்த்தான் நின்றேன்.

இந்த இடத்தில் எலியாவை நினைத்துக்கொள்ள வேண்டும். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்கிறார். தேவதூதன் அவரை ஜெபம் பண்ண எழுப்பவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். அவர் மறுபடி படுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆவிக்குரிய குளிர் என்று நான் நினைத்ததில் பெரும்பகுதி வெறும் தூக்கமின்மை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே அந்தத் தங்கைக்கு நான் சொன்ன முதல் ஆலோசனை, நாலு மணி நேரத்தில் ஒரு மணியைத் தூக்கத்துக்குக் கொடு என்பது. வாரக்கணக்கில் பசியும் தூக்கமும் போய், எதிலும் பிடிப்பே இல்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில்தானே இருக்கிறோம்.

போனில் பிரசங்கம் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காது நிறையும். ஆனால் அங்கே யாரும் என்னைப் பார்த்து எதையும் கேட்கப் போவதில்லை, பிடிக்காததைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஒரு நல்ல உபயோகம் உண்டு. 2023 அக்டோபரில் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் முழுதாகத் திறந்தபிறகு ஒய்ட்ஃபீல்டிலிருந்து ஒரே ரயிலில் நகருக்குள் வந்துவிடலாம். அந்த நேரத்தில் ஒரே ஒரு சங்கீதத்தை ஒரு வாரம் முழுக்கக் கேட்கலாம். திங்கட்கிழமை 42ஆம் சங்கீதம், வெள்ளிக்கிழமையும் 42ஆம் சங்கீதம். நாலு மணி நேரக் கணக்கில் இது கை வைக்காது.

அடுத்தது கன்வென்ஷன் கூட்டங்களும் முழு இரவு ஜெபமும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அனல் என்றாலே பந்தலும், மணல்மேல் விரித்த பாயும், நடுராத்திரிப் பாட்டும்தான் ஞாபகம் வரும். நான் ஆண்டவருக்கு என்னைக் கொடுத்ததும் அப்படி ஒரு பந்தலில்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆயிரம் பேர் சேர்ந்து பாடும்போது ஒரு மனுஷிக்குள் உடைவது, தனி அறையில் பத்து வருடம் உடையாமல் இருக்கலாம். என் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8ஆம் தேதி திருவிழா வரைக்கும் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவுக்குப் போய்வருவாள். அந்தக் கூட்டத்தில் நடந்து வந்தாலே எனக்கு ஒரு வருடத்துக்குப் பலம் என்பாள். நம்புகிறேன்.

கேள்வி, மறுநாள் காலையைப் பற்றியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே ஒப்பீடு நிஜமாகவே நடந்தது. ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்தவர். (நம் ஒய்ட்ஃபீல்டுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. ஆங்கிலோ இந்தியருக்காகக் குடியிருப்பு அமைத்த டி.எஸ். ஒய்ட் என்பவரின் பெயர் அது.) 1739இல் பிரிஸ்டலில், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையும் அவர்தான் வெட்டவெளிப் பிரசங்கத்துக்கு இழுத்தார். வெஸ்லிக்கு அதற்கு முந்தைய வருடம், 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் இருதயம் அனலான அனுபவம் கிடைத்திருந்தது. அதை நாம் அடிக்கடி சொல்கிறோம். எட்டு மாதம்கூட ஆகாமல், 1739 ஜனவரியில், நான் கிறிஸ்தவனே இல்லை என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதியதை யாரும் சொல்வதில்லை. அத்தனை பெரிய அனுபவமே தனியாக நிற்கவில்லை.

1742இல் பிரிஸ்டலில் வெஸ்லியின் கூட்டத்தார் ஆலயக் கட்டடக் கடன் அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று பேசி, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளரை வைத்தார்கள். வீடு வீடாகப் போனவர்கள் காசோடு வேறொன்றையும் கண்டார்கள்: யார் சோர்ந்திருக்கிறார், யார் குடிக்கிறார், யார் வீட்டில் சண்டை. அதிலிருந்துதான் மெத்தடிஸ்டுகளின் வாரக் குழுக்கள் பிறந்தன. பிரசங்கத்தில் பற்றின தீ அந்தச் சின்ன வீடுகளில்தான் அவியாமல் இருந்தது.

ஆகவே முழு இரவு ஜெபத்துக்கு என் தீர்ப்பு இது: வருடத்துக்கு ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, கட்டாயம் போக வேண்டும். தொடங்க அனல் தேவையில்லை என்பது அதன் பெரிய பலம். மாதாமாதம் அதையே நம்பினால், நடுவில் இருக்கிற நாட்கள் எல்லாம் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கும் நாட்களாகிவிடும்.

சபை மாறலாமா என்றும் அந்தத் தங்கை கேட்டாள். பி.ஜி.யில் கூட இருக்கிற பெண் போகிற சபையில் பாட்டு நன்றாக இருக்கிறதாம், வாலிபர் நிறைய வருகிறார்களாம். லிங்கராஜபுரத்திலிருந்து ஹென்னூர், கொத்தனூர் வரை நடந்தால் எத்தனை சபைகள், எத்தனை மொழிகள். ஊரில் ஒரு கோயில், ஒரு ஐயர் (போதகர்) என்று வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய சோதனை. தவறான உபதேசம், பணத்தில் அநியாயம், பெண்களிடம் முறைகேடு என்றால் உடனே வெளியேற வேண்டும், காத்திருக்கக் கூடாது. சலிப்பு மட்டும்தான் காரணம் என்றால் பொறு என்பேன். கத்தோலிக்க இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்: உள்ளம் வறண்டிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. நான் கத்தோலிக்கப் பெண் அல்ல. ஆனாலும் இந்த ஒரு விதி என்னைக் காப்பாற்றியிருக்கிறது. குளிர்ந்த இருதயத்தை எடுத்துக்கொண்டு புதுச் சபைக்குப் போனால் ஆறு மாதம் பாட்டு புதிதாக இருக்கும். அப்புறம் அதே இருதயம்.

மௌன தியானத்துக்கு நம் ஊரில் வசதி உண்டு. செயின்ட் மார்க்ஸ் சாலையில் இயேசு சபையாரின் ஆசீர்வாத் இருக்கிறது, ஒய்ட்ஃபீல்டில் 1963இல் தொடங்கிய எக்குமெனிக்கல் கிறிஸ்டியன் சென்டர் இருக்கிறது. லீவு எடுக்க முடிந்தவர்களுக்கு நல்லது. வாரத்துக்கு நாலு மணி நேரம் உள்ளவளுக்கு இது இந்த வருடத் தேர்வு அல்ல.

ஊழியம் என்று வரும்போது நான் இரண்டு மனதாக இருக்கிறேன். அணைந்துபோன நிலையில் மேடை ஏறுகிற ஊழியம் ஆளை இன்னும் உலர்த்திவிடும். பாடிக்கொண்டே நான் உலர்ந்தது அப்படித்தான். யாரும் பார்க்காத சேவை வேறு. மாதம் ஒரு சனிக்கிழமை கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிற தமிழர்கள் அங்கே உண்டு. கன்னடத்தில் எழுதிய போர்டைப் படித்துச் சொல்லவும், எந்த கவுன்டரில் சீட்டு போட வேண்டும் என்று கேட்டுச் சொல்லவும், பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துத் தரவும் அனல் தேவையில்லை. கன்னடம் தெரிந்தால் போதும். ஏசாயா 58ஆம் அதிகாரத்தில், பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்பது முதலில் வருகிறது. அப்பொழுது விடியற்கால வெளுப்பைப்போல உன் வெளிச்சம் எழும்பும் என்பது அதற்குப் பிறகுதான். அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் சேவையும் என் சாம்பலைத் தொடாது. அடுத்தவர் துக்கத்தில் என் துக்கத்தை மறந்துவிட்டு வீடு வந்தால், அது அங்கேயே இருக்கும்.

சாம்பலைத் தொட்டது ஒன்றே ஒன்றுதான். மூன்று பேர் கூடுகிற ஒரு சின்ன ஜெபக்குழு.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா இருந்தார்கள். பக்கத்து மாடியில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற ஒரு தங்கை. வியாழக்கிழமை ராத்திரி 8 மணிக்கு என் சமையலறை மேஜையில் உட்காருவோம், டீ மட்டும். முதல் மாதம் பிள்ளைகளின் பரீட்சைக்கும் வீட்டு வாடகைக்கும் ஜெபித்தோம். ஒரு நாள் நர்ஸம்மா என்னைப் பார்த்து, "ஊருக்கு எல்லாம் ஜெபிக்கிற. உனக்கு என்ன?" என்றார்கள். ஏன் என்று தெரியவில்லை, அழுதுவிட்டேன். அப்பா இறந்தபிறகு வீடு பங்கு வைத்ததில் என் கூடப்பிறந்த தங்கையோடு பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை நான் ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. அவர்கள் புத்தி சொல்லவில்லை, வசனம் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். அடுத்த வியாழன் ஒரே கேள்வி: "போன் பண்ணினியா?" இல்லை. அதற்கடுத்த வியாழன், மறுபடி அதே கேள்வி. ஐந்தாவது வாரம் பண்ணினேன். பேச்சு நன்றாகப் போகவில்லை. ஆனால் பேசினோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். ஒரு காலையில் அலாரம் இல்லாமல் 5 மணிக்கு விழித்தேன். ஜெபம் பண்ண வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கடமை என்று தோன்றவில்லை. மூன்று முறை முயன்று தோற்ற தனிஜெபம் தானாக வந்து கதவைத் தட்டியது. நான் அதுவரை வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தேன். மற்றவர்கள் நடுவில் சாம்பல் அள்ளப்பட்ட பிறகுதான் தனி அறையில் கட்டை பற்றியது. உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் சொல்வது இதைத்தான். எலியாவுக்கும் கர்த்தர் அடையோடும் மெல்லிய சத்தத்தோடும் நிறுத்தவில்லை. அந்த அதிகாரத்தின் முடிவில் கூடவே நடக்க எலிசாவைக் கொடுக்கிறார்.

நம் பக்கத்து மனிதர்களிலும் இதைக் காண்கிறேன். அயர்லாந்தில் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895 கடைசியில் இந்தியாவுக்கு வந்து, முதலில் ஊழியத்துக்குச் சேர்ந்தது இந்த பெங்களூரில்தான். இங்கேதான் தமிழ் படிக்க ஆரம்பித்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத் திருநெல்வேலிச் சீமைக்குப் போனபிறகு, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றியபோது அவர் தனியாகச் சுற்றவில்லை. தமிழ்ப் பெண்கள் சிலர் கூட இருந்தார்கள். நட்சத்திரக் கூட்டம் என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் டோனாவூரில் தம் அறைக்குள்ளேயே இருந்தவர், இந்தியாவுக்கு வந்தபின் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. அவ்வளவு நீண்ட அனலுக்குப் பின்னால் அப்படிச் சேர்ந்து நடந்த பழக்கம் இருந்தது.

சின்னக் குழுவில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வம்பு பரவும். நான் முன்பு போன ஒரு குழுவில் நான் சொன்னது மறுவாரம் வேறு வீட்டில் பேசப்பட்டது. பிறகு ஒரு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒருவரே தலைவராகி, யார் யாரைக் கட்ட வேண்டும் என்பதுவரை தீர்க்கதரிசனம் சொல்ல ஆரம்பிக்கிற குழுவும் உண்டு. அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். மூன்று அல்லது நாலு பேருக்கு மேல் வேண்டாம். பெண்கள் பெண்களோடு, ஆண்கள் ஆண்களோடு. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சாப்பாடு போடத் தொடங்கினால் சமைக்கிறவள் களைத்துப்போய் மூன்றாம் மாதம் குழு நின்றுவிடும். சபை ஐயரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது எல்லாருக்கும் பாதுகாப்பு. சத்தமும் கவனம், பக்கத்து அறையில் நைட் ஷிப்ட் முடித்து ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஒருவேளை அந்தத் தங்கை ஹோஸ்டலில் தனியாக இருந்து, இரண்டு பேர்கூடக் கிடைக்காமல் போயிருந்தால்? அப்போது மாதம் ஒரு சனிக்கிழமைச் சேவையை முதலில் வைக்கச் சொல்லியிருப்பேன். அங்கே வருகிறவர்களில் ஒருத்தி கிடைப்பாள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு என் பதில் இன்னும் வேறு. குழந்தை பால் குடிக்கிற நேரத்தில் ஒரு வசனமும், வாரம் ஒரு தோழியோடு கால் மணி நேர போன் ஜெபமும் அவளுக்குப் போதும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1727இல் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் தொடங்கிய ஜெபச் சங்கிலி நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. தொடங்கியபோது 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். யாரும் ராத்திரி முழுக்க விழித்திருக்கவில்லை.

கடைசியில் அந்தத் தங்கையின் நாலு மணி நேரம் இப்படி ஆகியிருக்கிறது. ஒரு மணி தூக்கத்துக்கு. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றேகால் மணி, பி.ஜி. மொட்டைமாடியில், நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு பெண்ணோடும் வேலூர்ப் பெண் ஒருத்தியோடும். மீதியைச் சேர்த்துவைத்து மாதம் ஒரு சனிக்கிழமை. மெட்ரோவில் சங்கீதம். விடியற்கால ஜெபத்தை டிசம்பர் வரை தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்கு முன்னால் அதுவாக வந்தால் தடுக்க வேண்டாம். சபை மாறுவதைப் பற்றி ஈஸ்டருக்குப் பிறகு பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.

முதல் செவ்வாய் மழை பெய்து, வேலூர்ப் பெண் சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் தாமதம். இருவரும் காத்திருந்தார்களாம். வருகிற இரண்டாம் சனிக்கிழமை மூவரும் என்னோடு கித்வாய் வருகிறார்கள். நோயாளிகளுக்கு மாதுளம்பழம் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். நர்ஸம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.